திரைப்பாடலும் ரேடியோ நெல்லும்: அகில இந்திய வானொலி கருதிய நேயர்

அகில இந்திய வானொலி குறித்த திறனாய்வுகள் பெரும்பாலும் ஒரே வினாவைச் சுற்றி அமைகின்றன: நிலையம் அரசின் பிடியில் இருந்ததா, விடுபட்டதா? 1966இல் சந்தா குழு தன்னாட்சிக் கழகம் வேண்டுமென்றது. 1978இல் வர்கீஸ் குழுவும் அதனையே வலியுறுத்தியது. 1990இல் இயற்றப்பட்ட பிரசார் பாரதிச் சட்டம் 1997இல்தான் நடைமுறைக்கு வந்தது. இவ்வரலாறு இன்றியமையாதது. ஆயினும், ஒரே நிர்வாகத்தின்கீழ் உருவான நிகழ்ச்சிகளுள் சில வேரூன்றியதையும் சில புறக்கணிக்கப்பட்டதையும் அது விளக்குவதில்லை. நேயரை நிலையம் யாராகக் கருதியது என்பதே அங்கு எழுப்பத்தக்க வினா.

1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் செவ்வியல் இசையை முன்னிறுத்தினார். திரைப்பாடல்களுக்குரிய நேரம் சுருங்கியது. தயாரிப்பாளர்களோடு எழுந்த உரிமப் பிணக்கால் அவை ஏறத்தாழ மறைந்தே போயின. செவ்விசைக் கலைஞர்கள் இக்காலத்தில் பெற்ற ஆதரவு மறுக்கத்தக்கதன்று. எனினும் நேயரைச் சுவை திருத்தப்பட வேண்டியவராகக் கண்ட கொள்கை இது. நேயர் வாதிடவில்லை, முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குச் சென்றனர். அதன் இந்தி ஒலிபரப்பு வடக்கிலும் தமிழ் ஒலிபரப்பு தமிழகத்திலும் பெருந்திரளான நேயரை ஈர்த்தன. 1957 அக்டோபர் 3இல் விவித் பாரதி தொடங்கப்பட்டதை, நிலையமே தன் தோல்வியை ஒப்புக்கொண்டதாகக் கொள்ளலாம்.

இதற்கு மறுதலையாக எடுத்துக்காட்டப்படுவது திருச்சிராப்பள்ளி நிலையம். 1960களின் நடுப்பகுதியில் தஞ்சை உழவர்களுக்காக அது நிகழ்த்திய வேளாண் ஒலிபரப்பு, ஆடுதுறை 27 என்னும் புதிய நெல் வகையை ஊரெங்கும் கொண்டுசென்றது. உழவர் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயரிட்டனர். விதையும் உரமும் கடனும் உடன் கிடைத்திராவிடில் ஒலிபரப்பு மட்டும் இதனைச் சாதித்திராது என்பது வேறு. இங்கு நேயர் பயன்கொள்பவராகக் கருதப்பட்டார். பெயரிடும் உரிமையையும் தாமே எடுத்துக்கொண்டார்.

ஆனால் அந்நேயர் யார்? எவ்விதையை விதைப்பது என முடிவு செய்பவர் நிலத்தைத் தம் பொறுப்பில் கொண்டவரே. நாற்று நட்டு, கதிரறுத்த கூலித் தொழிலாளர்க்கு அம்முடிவில் இடமில்லை. எனவே அவ்வழைப்பிலும் இடமில்லை. விளைச்சல் பெருகுவது பற்றிப் பேசும் ஒலிபரப்பு, பெருகியதில் கூலி எவ்வளவு என்னும் வினாவைத் தன் பொருளாகக் கொள்வதில்லை. அதே தஞ்சை மாவட்டத்தின் கீழ்வெண்மணியில், கூலி உயர்வுப் போராட்டத்தையொட்டி, 1968 டிசம்பர் 25இல் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். ரேடியோ நெல்லை வானொலியின் வெற்றிக்குச் சான்றாக எடுத்தாளும் எழுத்துகள் பெரும்பாலும் இவ்விரண்டையும் ஒரே பக்கத்தில் வைப்பதில்லை.