ஐந்தாண்டுச் சலுகை யாருக்கு?

நோய் வந்து வேலையை விட நேரும் அங்கன்வாடிப் பணியாளருக்கு இன்று சட்டத்தில் உள்ள முக்கியமான பிடிமானம், விலகும்போது மொத்தமாகத் தரப்படும் பணிக்கொடை. அதுவே போராடிப் பெற்றது. 1975இல் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் தொடங்கிய காலம் முதல் அவர்களை மதிப்பூதியத்துக்கு உழைக்கும் பகுதிநேரத் தொண்டர்களாகவே அரசு நடத்திவந்தது. குஜராத்திலிருந்து வந்த வழக்கில் 2022 ஏப்ரல் 25 அன்று உச்ச நீதிமன்றம் அதை மறுத்தது. மதிப்பூதியமும் ஊதியமே, 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் இவர்களுக்கும் பொருந்தும் என்றது.

நோயுற்றவரிடம் பணிக்கொடை விதிகள் கனிவாகவே நடந்துகொள்கின்றன. நோயாலோ விபத்தாலோ செயலிழந்தவருக்கு, மற்றவர்களுக்கு உள்ள ஐந்தாண்டுப் பணி என்ற நிபந்தனை இல்லை. செய்துவந்த வேலையைச் செய்ய முடியாமற்போனாலே அது செயலிழப்புதான். படுத்த படுக்கையாகக் கிடக்க வேண்டியதில்லை. முழங்கால் தேய்ந்து, சோற்றுக் குண்டானை இறக்கவும் கைக்குழந்தையைத் தூக்கித் தராசில் வைக்கவும் முடியாத உதவியாளருக்கு இது நியாயமான விளக்கம்.

ஆனால் 25 ஆண்டு உழைத்தவருக்கு இந்தச் சலுகையால் என்ன பயன்? ஐந்தாண்டை அவர் எப்போதோ தாண்டிவிட்டார். ராஜினாமா எழுதிக் கொடுத்தாலும் நோயால் விலகினாலும் அவருக்கு ஒரே தொகைதான். 52 வயதில் விலகினால், 60 வரை உழைத்திருக்கக்கூடிய எட்டு ஆண்டுகளுக்கு ஒரு பைசாவும் கிடையாது. இந்த ஏற்பாட்டின் பெரிய ஓட்டை இதுதான்.

தொகையையும் பாருங்கள். 2018இல் மத்திய அரசு உதவியாளருக்கு உயர்த்தித் தந்த மதிப்பூதியம் மாதம் 2,250 ரூபாய். பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியம், மாதத்துக்கு 26 நாள் என்று கணக்கிட்டால் 25 ஆண்டுக்குச் சுமார் 32,450 ரூபாய் வரும். மாநிலம் சேர்த்துத் தரும் இடங்களில் இது கூடும். கூடினாலும் மாத்திரைக்கும் ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் செலவுக்கும் எத்தனை மாதம் தாங்கும்?

அமைப்புசாராத் தொழிலாளருக்கான மத்திய அரசின் ஷ்ரம் யோகி மான்தன் ஓய்வூதியத் திட்டம் இருக்கிறதே என்பார்கள். 40 வயதைத் தாண்டியவர் அதில் சேரவே முடியாது. சேர்ந்தவருக்கும் 60க்குப் பிறகுதான் மாதம் 3,000 ரூபாய். இடையில் செயலிழந்தால் கணவர் சந்தாவைத் தொடரலாம். இல்லையேல் கட்டிய பணத்தை வட்டியோடு வாங்கிக்கொண்டு விலகலாம். காப்பீடு கைகொடுக்க வேண்டிய நேரத்தில் அது வெறும் சேமிப்புக் கணக்காகிவிடுகிறது.

பழைய ஓய்வூதியத் திட்டத்தில் உள்ள மத்திய அரசு ஊழியர் நோயால் விலகினால் மாதந்தோறும் இயலாமை ஓய்வூதியம் பெறுகிறார். அங்கன்வாடிப் பணியாளருக்கும் அரசு மருத்துவர் சான்றளித்த மாதத்திலிருந்தே ஓய்வூதியம் தொடங்க வேண்டும். நோய் பறித்த ஆண்டுகளைப் பணிக்காலத்தில் சேர்த்தே பணிக்கொடையைக் கணக்கிட வேண்டும்.