நாட்குறிப்பும் நன்றிக்கடனும்

செய்ந்நன்றியறிதலை வள்ளுவர் தனியதிகாரமாக வகுத்தமை தமிழர் யாவரும் அறிந்ததே. இல்லறத்தார்க்கு உரிய அவ்வறம் நூற்பதிப்புக்கும் உரியதாதலைப் பலர் எண்ணுவதில்லை. பழஞ்சுவடியொன்று அச்சேறும்பொழுது அதன் முகப்பில் அமையும் நன்றியுரையைக் கற்போர் பெரும்பாலும் புரட்டித் தள்ளிவிட்டு நூலினுட் புகுவர். அது வெறும் உபசாரம் என்பது அவர்தம் எண்ணம். அவ்வெண்ணம் பொருந்தாது. ஏடு எவர் வீட்டிலிருந்தது, எவர் படியெடுத்தார், எவர் ஒப்புநோக்கினார் என்பவற்றை அறிவிக்கும் பகுதி அதுவேயாதலால், நூலை எத்துணை நம்பலாம் என்பதற்கு முதற் சான்றும் அதுவே. 1887ஆம் ஆண்டிற் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், தம் பதிப்புகளின் முகவுரைகளில் ஏடு உதவியோரைப் பெயர் சுட்டிப் போற்றியமை இக்கருத்தை வலியுறுத்தும்.

இவ்வளவுகோலைக் கொண்டு ஆனந்தரங்கப்பிள்ளை நாட்குறிப்பு வெளிவந்த வரலாற்றை நோக்குதல் தகும். மலையகத் தமிழர்க்கு அவ்வரலாறு ஒரு படிப்பினையும் ஆகும்.

1709ஆம் ஆண்டிற் பிறந்த பிள்ளை, புதுச்சேரியில் வணிகராய் வளர்ந்து, ஆளுநர் துய்ப்ளேக்ஸ் காலத்தில் தலைமைத் துபாஷியாக உயர்ந்தவர். 1736 செப்டெம்பர் முதல் 1761 சனவரியில் இறக்கும் வரையிலான கால் நூற்றாண்டை அவர் குறிப்பு தழுவி நிற்கின்றது. கப்பல் வரவு, சரக்கு விலை, ஆளுநர் மாளிகைப் பேச்சு, 1746இற் சென்னை பிரெஞ்சுக்காரர் கைப்பட்டமை, 1748இல் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டமை ஆகிய யாவும் அதில் உள. புலவர் நடையின்றிக் கடைத்தெருவும் கணக்கறையும் பேசிய தமிழிலேயே அவை எழுதப்பட்டுள்ளமை அதன் தனிச்சிறப்பாகும்.

எனினும் பிள்ளை மறைந்தபின் ஏறத்தாழ எண்பத்தைந்து ஆண்டுகள் அவ்வேடுகள் உலகறியாது கிடந்தன. 1846இல் கலுவா மொன்பிரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டு படியெடுப்பித்தார். அரியேல் என்பார் வாயிலாகப் பிறிதொரு படி பாரிஸ் தேசிய நூலகத்தை அடைந்தது. வின்சன் சில பகுதிகளைப் பிரெஞ்சில் வெளியிட்டார். 1892இற் புதுச்சேரியிலிருந்த பிரித்தானியப் பிரதிநிதி மக்லியோட் சென்னை அரசுக்கு இதனை அறிவித்தார். அதன் பயனாக 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு ஆங்கிலத் தொகுதிகள் வெளிவந்தன. தமிழ் மூலமோ 1948ஆம் ஆண்டிலேதான், ஞானு தியாகுவின் முன்னுரையோடு புதுச்சேரியில் அச்சேறத் தொடங்கிற்று. 2019இல் மு. ராஜேந்திரனும் அ. வெண்ணிலாவும் பதிப்பாசிரியராக நின்று பன்னிரண்டு தொகுதிகளாகத் தமிழ்ப் பதிப்பொன்றை வெளியிட்டனர். தமிழன் தமிழில் எழுதிய குறிப்பு, தமிழில் அச்சேறுமுன் ஆங்கிலத்தில் அச்சேறியமை சிந்தித்தற்குரியது.

இவர் அனைவர்க்கும் தமிழுலகம் கடமைப்பட்டதே. ஆயினும் நன்றி எவ்வாறு பங்கிடப்பட்டது என்பதை ஆராயுங்கால் ஒரு குறை தோன்றும். ஆங்கில முதற்றொகுதிகளின் முகப்பில் பதிப்பாசிரியர் பெயர் பிரெடரிக் பிரைஸ், பி.ஏ. பட்டதாரியான கே. ரங்காச்சாரியோ அவர்க்கு 'உதவியவர்'. மூலம் தமிழ்; அதுவும் எழுத்துப்பிழையும் வணிகக் குழூஉக்குறியும் மலிந்த தமிழ். அதனைப் பொருள் விளங்கப் பெயர்த்தற்குத் தமிழறிந்தார் உழைப்பு எத்துணை இன்றியமையாதது என்பதை அம்மொழியைப் பார்த்தோர் எளிதில் உணர்வர். 'உதவி' என்னும் ஒரு சொல் அவ்வுழைப்பை அளக்கப் போதாது. ரங்காச்சாரிக்கு அச்சொல்லாவது கிடைத்தது. புதுச்சேரியிலே குனிந்திருந்து பக்கம் பக்கமாகப் படியெடுத்த எழுத்தர்க்கு அதுவும் வாய்த்திலது. அன்னார் ஒரு வரியை விட்டிருப்பின் அவ்வரி இன்று நமக்கில்லை. நன்றியுரை உபசாரமன்று, சான்று எனப்பட்டதன் காரணம் இதுவே.

இனி மலையகத்தை நோக்குவோம். 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலர் தம் தாயகத்துக்கு எழுதிய கடிதங்கள் ஸ்கொத்லாந்து தேசிய நூலகத்திற் பேணப்பட்டுள்ளன. அவற்றை ஆதாரமாகக் கொண்ட ஆய்வுநூலொன்று 2017இல் வெளிவந்தது. துரையின் கடிதத்தை அவர் வீட்டார் பேணினர்; நூலகம் ஏற்றது; அறிஞர் ஆராய்ந்தனர். அவர் காலத்தில் அம்மலைகளிற் காடழித்துக் கொழுந்தெடுத்த தமிழரோ, செக்ரோலில் ஒரு பெயராகவும் பிரட்டுக்களத்தில் ஓர் எண்ணாகவுமே எஞ்சினர்.

எழுத்துச்சான்று இன்மையால் நேரும் இடர் வரலாற்றாசிரியர்க்கு மட்டும் உரியதன்று. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தோர், 1946 சனவரி முதலாந் திகதிக்கு முன் மணமானோராயின் ஏழாண்டும், ஏனையோராயின் பத்தாண்டும் இந்நாட்டில் இடைவிடாது வதிந்தமையை நிலைநாட்ட வேண்டியிருந்தது. பெட்டியடியிற் கிடந்த ஒரு பழந்துண்டுக் காகிதம் ஒரு குடும்பத்தின் நாட்டை நிருணயிக்கவல்ல காலம் அது.

ஆதலின் மலையகத்தின் 'நாட்குறிப்பு' ஒருவர் கையெழுத்தில் ஓரிடத்திற் கிடைக்குமென எதிர்பார்த்தல் வீண். அது கணக்கப்பிள்ளையின் குறிப்பேட்டிலும், கங்காணி வீட்டுப் பற்றுவரவிலும், கடல்கடந்து வந்த கடிதத்திலும், கிழவியர் நாவிலும் சிதறிக் கிடப்பது. தோட்டத்துப் பாடல்களைச் சேகரித்த சி. வி. வேலுப்பிள்ளை காட்டிய வழியும் இதுவே. துபாஷியாக உயர்ந்த பிள்ளையின் ஏட்டிலே நெசவாளரும் கூலியாளரும் மேலிருந்து காணப்பட்டவரே. தாழ இருந்து கண்டார் கூற்று வேண்டுமாயின் அது இத்தகைய சிதறல்களிலிருந்தே திரட்டப்படல் வேண்டும்.

அங்ஙனம் திரட்டி அச்சிடுவார்க்குப் புதுச்சேரி ஏட்டின் வரலாறு ஒரு நெறியை உணர்த்தும். நூலின் முகப்பிற் பணம் உதவியோர் பெயரும் அணிந்துரை நல்கியோர் பெயரும் இடம்பெறுதல் முறையே. அவற்றோடு, மழை ஒழுகும் லயத்திற் கறையான் தீண்டாது காகிதத்தைக் காத்த மூதாட்டியின் பெயரும், மங்கிய எழுத்தைப் படித்துப் பெயர்த்தெழுதிய மாணவன் பெயரும், அவர் இசையின் இடம்பெறுக. நன்றியுரையில் விடுபட்டவர் வரலாற்றிலும் விடுபடுவர்.