மினுக்கம் களைதல்

மாதிரி வாகனங்களை அமைக்கும் கலையில், முடிந்த பொருளில் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும் வேலைகளுள் மிக நுட்பமானது, குரோம் பூச்சிட்ட பிளாஸ்டிக் பாகங்களை வண்ணத்துக்கு ஆயத்தப்படுத்துவதாகும். சிறிய அளவில் வார்க்கப்பட்ட பாகங்களை ஒட்டிக் காரையோ லொறியையோ உருவாக்குவதற்கென விற்கப்படும் பெட்டியில், பம்பர், முன்கிராதி, சக்கரமூடி, விளக்கு வளையம் ஆகியவை மட்டும் தனிச் சட்டகமொன்றில் கண்ணாடிபோல் ஒளிர்ந்துகொண்டிருக்கும். பெட்டியைத் திறந்தவுடன் மனத்தைக் கவர்வதும், கட்டி முடித்த வண்டியை விளையாட்டுப் பொருளாகக் காட்டிவிடுவதும் அந்த ஒளிதான்.

அது உண்மையில் குரோமும் அன்று. பொலிஸ்டைரீன் எனும் பிளாஸ்டிக்கில் வார்த்த பாகத்தின்மீது முதலில் லக்கர் என்ற தெளிந்த மெருகுப்பூச்சைப் படியவைத்து, பின்னர் வெற்றிட அறையொன்றில் அலுமினியத்தை ஆவியாக்கி அதன்மேல் மிக மெல்லிய படலமாகப் படியச்செய்து, இறுதியில் காப்புக்காக இன்னொரு மெருகை இடுகிறார்கள். தமியா நிறுவனம் 1:24 அளவில் வெளியிட்ட 1966ஆம் ஆண்டின் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் போன்ற கார் மாதிரிகளில் காணப்படும் பளபளப்பு இவ்வகையினது. உலோகப் படலம் நுண்ணியதாயினும் அதன் அடியிலுள்ள மெருகு அப்படிப்பட்டதன்று. அது 0.02 மில்லிமீற்றர் தடிப்பில் படிந்திருந்தால், 1:24 அளவில் உண்மைக் காரின்மீது ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் பூசியதற்குச் சமமாகும். கிராதியின் பள்ளங்கள் தூர்ந்து, விளிம்புகள் மழுங்கிப்போவது இதனாலேயே.

உண்மைக் காரின் பம்பரோ உருக்கின்மேல் நிக்கலும் அதன்மேல் குரோமியமும் ஏறியது. அதன் ஒளியில் சற்றே நீலமும் கருமையும் கலந்த ஓர் ஆழம் உண்டு. இலங்கையின் ஊவா மலைகளில், பண்டாரவளையின் பனிமூட்டத்திலும் பசறைச் சாலையின் ஈரத்திலும் ஆண்டுக்கணக்கில் ஓடிய மொரிஸ் மைனரையோ பீட்டிலையோ உற்றுப் பார்த்தால், பூச்சின் நுண்துளைகள் வழியே நீர் புகுந்து அடியிலுள்ள உருக்கில் துருப்புள்ளிகளை எழுப்பியிருப்பதும், வளைவுகளில் மட்டும் ஒளி தங்கியிருப்பதும் தெரியும். மலையகத்துக் காரொன்றின் மாதிரியைச் செய்ய முனைபவர், பெட்டியில் வந்த மினுக்கத்தை அப்படியே விட்டுவைத்தால் அந்த வாழ்வு முழுவதையும் இழந்துவிடுகிறார்.

மினுக்கத்தைக் களைய வேண்டியதற்கு வேறு காரணங்களும் உள்ளன. பிளாஸ்டிக்கைச் சற்றே கரைத்து இணைக்கும் பசை, உலோகப் படலத்தின்மீது பிடிப்பதில்லை. அச்சின் இரு பாதிகள் கூடிய இடத்தில் எழும் கோடு படலத்துக்கு அடியில் ஒளிந்திருக்கிறது; அதை அராவினால் வெள்ளிக்கு நடுவே பிளாஸ்டிக் வெளிப்பட்டுவிடும். பாகத்தைச் சட்டகத்திலிருந்து வெட்டிய இடமோ ஆறாத வடுவாக நிற்கும்.

களைவதற்கு வேண்டிய பொருள் வீட்டிலேயே இருக்கிறது. துணி வெளுக்கப் பயன்படும் திரவத்தில் சோடியம் ஐப்போகுளோரைற்றும் அதனுடன் சிறிது காரமும் உள்ளன. அலுமினியம் காரத்தில் கரையும், பொலிஸ்டைரீன் கரையாது. பாகங்களை அத்திரவத்தில் மூழ்கவைத்துக் கவனிப்பது இந்தக் கலையின் பெரிய இன்பங்களுள் ஒன்று. வெள்ளி முதலில் மங்கும், பின்னர் ஓரங்களில் கிழிந்த மேகம்போல் விலகும், அதன்பின் வெறும் பிளாஸ்டிக் தன் உண்மையான கூர்மையோடு வெளிவரும். சில பூச்சுகளுக்குச் சில நிமிடங்கள் போதும்; காப்பு மெருகு தடித்தவற்றுக்கு மணிக்கணக்கில் பொறுத்திருக்க வேண்டும். விளக்கு வளையம் போன்ற நுண்ணிய பாகங்களைத் தேநீர் வடியில் இட்டு அமிழ்த்துவது நல்ல வழி. வடியும் பாத்திரமும் பிளாஸ்டிக்காக இருப்பது அவசியம், ஏனெனில் பாகத்தின் அலுமினியத்தைத் தின்னும் திரவம் அலுமினியச் சட்டியையும் விட்டுவைக்காது. கையுறையும் காற்றோட்டமும் வேண்டும். புளி, வினாகிரி முதலிய அமிலங்களையோ அமோனியாவையோ இதனுடன் கலந்தால் நச்சுவாயு எழும் என்பதை ஒருபோதும் மறக்கலாகாது.

இத்துடன் பணி முடிந்தது என்று எண்ணுவோரே பலர். வெள்ளி போனபின்னும் அடி மெருகு மஞ்சளான தோலாகப் பள்ளங்களில் தங்கியிருக்கும். ஐசோபுரோப்பைல் மதுசாரத்தில் ஊறவைத்து மென்மையான பல்துலக்கியால் தேய்த்தால்தான் அது உரியும். லக்கரைக் கரைக்கும் தின்னரை நாடினால் பாகமே உருகிவிடும். கிராதியின் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியே நிழல் வீழ்த்தும்வரை இதைப் பொறுமையுடன் செய்பவரையே தேர்ந்த கைவினைஞர் என்று கொள்ள வேண்டும். அதன்பின் அச்சுக்கோட்டை அராவி, வாட்டர் பேப்பரால் ஈரத்தில் தேய்த்து, சவர்க்கார நீரில் கழுவவேண்டும். கழுவிய பாகத்தின்மீது நீர் முத்துமுத்தாகத் திரண்டால் எண்ணெய்ப்பசை எஞ்சியுள்ளது. முறியாத படலமாகப் பரவினால் பரப்பு தூய்மையாகிவிட்டது.

பூசுவதற்குரிய நாளை ஊவாவின் காற்றே சொல்லிவிடும். வடகீழ்ப் பருவக்காற்று மழை கொண்டுவரும் மாதங்களில், விரைந்து ஆவியாகும் தின்னர் பரப்பைக் குளிர்விக்க, காற்றின் ஈரம் அதில் ஒடுங்கிப் பூச்சை வெண்மையாக மங்கச் செய்துவிடும். யூலை முதல் செப்ரெம்பர் வரையோ, மத்திய மலையின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு வறண்டு இறங்கும் கச்சான் காற்று பதுளைப் பக்கம் வீசுகிறது. ஊவாத் தேயிலைக்கு உலகறிந்த மணத்தைத் தருவது அக்காற்று. கொழுந்தை அரைப்பதற்கு முன் அதன் ஈரத்தைப் போக்கும் வாட்டுதல் எத்தகைய கவனத்தைக் கோருகிறதோ, அத்தகைய கவனத்தை முதற்பூச்சுக்கு முந்திய உலர்த்தலும் கோருகிறது. நன்கு உலர்ந்த பாகத்தின்மீது பளபளப்பான கறுப்பை இட்டு, அது இறுகியபின் நுண்ணிய உலோக வண்ணத்தை மெல்லெனத் தூவினால், அடியிலுள்ள கறுப்பே உண்மைப் பம்பரின் அந்த ஆழத்தை மீட்டுத் தருகிறது. பெட்டியில் வந்த பளபளப்பு எதுவும் இதற்கு ஈடாகாது.

பயன்படுத்திய வெளுப்புத் திரவத்தைத் தேயிலைத் தோட்டங்களில் குடிநீர் விழும் பீலியின் அருகிலோ தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் கானிலோ ஊற்றிவிடலாகாது. அந்த நீர் ஓடைகள் வழியே பதுளை ஓயாவில் கலந்து மகாவலியைச் சென்றடைகிறது. எனவே குழந்தைகளுக்கும் மாடுகளுக்கும் எட்டாத இடத்தில் திறந்த வாளியில் வெயில்பட வைத்து வலு குன்றச் செய்து, மிகுந்த நீர் சேர்த்து, மலசலகூடக் குழியில் ஊற்றிவிடுமாறு இக்கலையில் ஈடுபடும் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்ள வேண்டியுள்ளது.