தேய்வு, கேடு, விரயம்: மேல்கோட்டையை முன்வைத்து ஒரு சொற்பொருள் திறனாய்வு

1. சிக்கல்

கருநாடக மாநிலம் மண்டியா மாவட்டத்தில், மைசூரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் அமைந்த மேல்கோட்டையில் இராயகோபுரம் என்னும் வாயிலமைப்பு உள்ளது. உயர்ந்த கல்தூண்கள் நிற்கின்றன; அவற்றின்மேல் எழுந்திருக்க வேண்டிய கோபுர நிலைகள் இல்லை. காண்போர் அதனைப் ‘பாழடைந்த கோபுரம்’ என எளிதில் கூறிவிடக்கூடும். ஆனால் அது முழுமை பெற்றுப் பின்னர் இடிந்ததன்று. கட்டி முடிக்கப்பெறாமலே நின்றுவிட்டது. ‘பாழ்’ என்னும் சொல், முன்பு ஒரு நிறைவு இருந்தது என்னும் செய்தியையும் உடன் கொண்டுவருகிறது. அச்செய்தி இவ்விடத்தில் பிழையாகும். ‘குறை’ என்பதோ, இருந்தது குறைந்ததற்கும் முடிக்கப்பெறாமல் நின்றதற்கும் பொதுவாக வரும். ‘குறைவேலை’ என்னும் தொடரில் இழப்பு இல்லை. எஞ்சிய பணி மட்டுமே உண்டு.

அழிவுக்குக் கேடு என்றும், கேட்டுக்கு அழிவு என்றும் ஒன்றற்கொன்று பொருளாகக் காட்டும் அகராதி முறை இத்தகைய வேறுபாட்டை உணர்த்தப் போதுமானதன்று. தேய்வு, கேடு, விரயம் முதலிய சொற்களையும் அவற்றின் எதிர்ச்சொற்களையும் தமிழ், கன்னட வழக்குகளை ஒப்பிட்டு நோக்கி, மொழிபெயர்ப்பிலும் மொழியாய்விலும் அவை விளைக்கும் சிக்கலை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. வினைமுதலும் மீட்சியும்

இச்சொற்களைப் பகுத்தறிய மூன்று வினாக்கள் உதவும். நிகழ்வுக்கு வினைமுதல் உண்டா? அது படிப்படியாக நிகழ்வதா, ஒருங்கே முடிவதா? அதிலிருந்து மீட்சி உண்டா?

தமிழில் கெடு, அழி, சிதை, தேய், குறை, தொலை ஆகிய வினைகள் தன்வினையாகவும் பிறவினையாகவும் வரும். ‘கெடுகிறது’ என்பதில் கெடுத்தவர் இல்லை. ‘கெடுக்கிறார்’ என்பதில் உண்டு. குன்று, மங்கு போன்றவை பெரும்பாலும் தன்வினையாகவே நிற்கின்றன. வினைமுதலைக் காட்டச் ‘செய்’, ‘வை’ போன்ற துணை தேவைப்படுகிறது. ஊதாரித்தனம் என்பதற்கோ மனிதரே உரியவர். மழையும் காலமும் ஒரு குளத்தைத் தூர்க்கலாம். அவை ஊதாரிகள் ஆவதில்லை.

மீட்சியை நோக்கினும் வேறுபாடு உண்டு. மேல்கோட்டையின் கல்யாணி போன்றதொரு குளம் ‘தூர்ந்தது’ எனின், தூர்வாருதல் என்னும் தீர்வு அச்சொல்லுக்கு அருகிலேயே நிற்கிறது. ‘மங்கியது’ எனின் துலக்கலாம். ‘தேய்ந்தது’ என்பது நிலவைப் பற்றியதாயின் வளர்பிறை பின்தொடரும். செருப்பைப் பற்றியதாயின் அவ்வாறில்லை. ‘அழிந்தது’ எனின் பேச்சு அங்கே முடிகிறது. பல்வேறு அளவில் மீட்சிக்கு இடந்தரும் இச்சொற்களை ஒரே சொல்லால் பெயர்ப்பது நோயின் நிலைகளை ஒரே பெயரால் குறிப்பதை ஒக்கும்.

3. செலவும் விரயமும்

வடமொழி ‘வ்யய’ என்பது செலவைக் குறிக்கும். அதுவே குற்றச்சாட்டு அன்று. கன்னடத்தில் அரசின் வரவு செலவுத் திட்டம் ‘ஆயவ்யய’ எனப்படுகிறது. வீண்செலவைச் சுட்ட ‘அபவ்யய’, ‘துந்துவெச்ச’ என அடை சேர்க்கும் வழக்கு உண்டு. அதே சொல் தமிழில் ‘விரயம்’ என வடிவம் மாறியபோது பொருளும் மாறிற்று. காலவிரயம், பணவிரயம் என்பவற்றில் பழிப்பு தானே அமைந்துள்ளது.

இதற்கு நேர்மாறான போக்கு ‘செலவழி’ என்பதில் காணப்படுகிறது. இதன் இறுதியில் ‘அழி’ என்னும் வன்மையான வினை நிற்கிறது. எனினும் இன்றைய வழக்கில் ‘மருந்துக்குச் செலவழித்தார்’ என்பதில் பழிப்பு இல்லை. ‘செலவு’ என்பதும் ‘செல்’ என்னும் வினையடியாகப் பிறந்து, சங்க இலக்கியத்தில் பயணத்தைக் குறித்தது. செலவழுங்குதல் என்னும் அகத்துறைப் பெயர் இதற்குச் சான்று. ஆக, நடுநிலையான கடன்சொல் பழிப்புச் சொல்லாயிற்று. அழிவைத் தன்னுள் கொண்ட சொல் நடுநிலை எய்திற்று. சொற்பிறப்பை மட்டும் நம்பும் மொழிபெயர்ப்பாளர் இரண்டு இடங்களிலும் வழுவ நேரும். கன்னட ‘வ்யய’வை விரயம் எனப் பெயர்த்தால் ஓர் அலுவலகக் கணக்கு குற்றப்பத்திரிகையாகும், தமிழ் ‘விரய’த்தை வ்யய எனப் பெயர்த்தால் ஒரு குற்றச்சாட்டு வெறுங்கணக்காகும்.

‘ஜீர்ண’ என்னும் சொல்லும் கருதத்தக்கது. செரிமானத்தைக் குறிக்கும் ‘சீரணம்’ விரும்பத்தக்கது. கோயில் திருப்பணியைக் குறிக்கும் ‘சீரணோத்தாரணம்’ என்பதிலோ அதே சொல் சிதிலத்தைக் குறிக்கிறது. பழையது கரைதல் என்னும் ஒரே கருத்து, வயிற்றில் நலமாகவும் சுவரில் கேடாகவும் கொள்ளப்படுகிறது. மதிப்பீடு நிகழ்வில் இல்லை. நிகழும் இடத்தில் உள்ளது.

4. மங்கல வழக்கும் எதிர்ச்சொல்லும்

நன்னூல் தகுதி வழக்கின் ஒரு வகையாக மங்கலத்தைக் கூறும். செத்தாரைத் துஞ்சினார் என்றல் உரைகாரர் காட்டும் எடுத்துக்காட்டு. விளக்கை அணைத்தலைத் தமிழர் ‘குளிரவைத்தல்’ என்பர். கன்னடர் ‘தீப தொட்டது மாடு’, அதாவது விளக்கைப் பெரிதாக்கு, என்பர். இங்குக் குறைவின் பெயர் பெருக்கமே ஆகிவிடுகிறது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் எண்ணெய் ஊற்றும் செயலாகவும் இது திரியக்கூடும். வைணவ வழக்கில் ஆசாரியர் மறைவு ‘திருநாட்டுக்கு எழுந்தருளல்’ எனப்படுவதும் இத்தகையதே. முடிவு பயணமாகச் சொல்லப்படுகிறது.

எதிர்ச்சொற்களிலும் ஓர் ஒழுங்கு புலனாகிறது. ஆக்கம்–கேடு, வளர்–தேய், பெருகு–சுருங்கு என இணைகள் உள்ளன. ஆயினும் உயர்ந்த நிறைவைக் கூற வேண்டிய இடங்களில் இருமொழி மரபும் எதிர்மறையையே நாடுகின்றன: குன்றா, வாடா, அழியா, குறைவிலா, அக்ஷய, அச்யுத, அவ்யய. வளர்வது தேயவும் கூடும்; தேயாதது அவ்வையத்துக்கு அப்பாற்பட்டது. ஆகவே இவற்றை ‘வளமான’, ‘பெருகிய’ எனப் பெயர்த்தல் பொருளைத் தாழ்த்துவதாகும். வடமொழி இலக்கணத்தில் வேற்றுமை, எண், பால் ஆகியவற்றால் மாறாத சொல்லும் ‘அவ்யயம்’ எனப்படுகிறது. கிரேக்க, இலத்தீன் இலக்கணங்களில் வேற்றுமைக்குரிய பெயர்கள் ‘வீழ்தல்’ என்னும் பொருளில் தோன்றியவை. மாற்றத்தைச் செலவாகவோ வீழ்ச்சியாகவோ காணும் பழக்கம் இலக்கணத்துக்குள்ளும் புகுந்துள்ளது.

5. ‘சிதைவு’ என்னும் கலைச்சொல்

இப்பழக்கம் தீங்கு செய்யும் இடம், மொழி வழக்குகளை மதிப்பிடும் இடமாகும். பதஞ்சலி மகாபாஷ்யத்தில் ‘கௌ’ என்னும் சொல்லின் காவீ, கோணீ முதலிய வடிவங்களை ‘அபப்ரம்சம்’, அதாவது வழுவி வீழ்ந்தவை, என்கிறார். பிற்காலத்தில் அப்பெயரே இலக்கிய வளம் மிக்கதொரு மொழிநிலைக்குப் பெயராயிற்று. தொல்காப்பிய எச்சவியலோ, சிதைந்து வரும் வடசொற்களையும் பொருந்துமாயின் ஏற்கலாம் என்று விதிக்கிறது. அங்குச் சிதைவு விலக்குக்குக் காரணமன்று.

இராமானுசருடன் தொடர்புபடுத்தப்படும் திருநாராயணபுரமாகிய மேல்கோட்டையில் திவ்வியப் பிரபந்தம் ஓதப்படுகிறது. அங்கு வேர்கொண்ட மண்டயம் ஐயங்கார் குடும்பங்களில் தமிழ் வீட்டுமொழி. கல்வியும் பொதுவாழ்வும் கன்னடத்தில். இப்பேச்சில் கன்னடச் சொற்கள் மிகுதி. அதனை ‘சிதைந்த தமிழ்’ எனல் எளிது. ஆனால் தளிகை, சாத்தமுது, கண்ணமுது போன்ற வைணவ மரபுச் சொற்கள் பொதுத்தமிழின் சமையல், ரசம், பாயசம் ஆகியவற்றுக்கு இடையே வழங்கிவருவதை அப்பெயர் மறைத்துவிடும். மேல்கோட்டையில் 1905இல் பிறந்து 1998இல் மறைந்த பு. தி. நரசிம்மாச்சார் தமிழ் வழங்கிய வீட்டிலிருந்து கன்னடக் கவிஞராக உயர்ந்தவர். இதனைத் தமிழின் இழப்பு என மட்டும் கணக்கிடின், கன்னடத்தின் வரவு கணக்கில் ஏறாது.

இழப்பே இல்லை என்பது இதன் கருத்தன்று. ஒரு தலைமுறை பேசிய சூழல்களில் அடுத்த தலைமுறை பேசாதுவிடின் அது ‘தேய்வு’. தேய்வு வழங்கும் இடங்களின் எண்ணிக்கையைப் பற்றியது. சிதைவு வடிவத்தைப் பற்றியது. சிதைவு எனக் கூறின் திருத்துவோர் வருவர். பேசுவோர் நாணி வாய்மூடுவர். தேய்வு அதனால் விரையும். தேய்வு எனக் கூறின், எவ்விடத்தில் வழக்கு சுருங்கியது என்னும் ஆய்வு தொடங்கும்.

6. முடிவு

இவ்வகைச் சொற்களுக்கான இருமொழி அகராதிப் பதிவு, வினைமுதல், நிகழ்முறை, மீட்சி, பழிப்பின் அளவு ஆகிய நான்கனையும் சுட்டுதல் வேண்டும். இராயகோபுரத்தைப் பாழ் என்பார் இடிபாட்டைத் தேடுவர். குறை என்பார் எஞ்சிய பணியை எண்ணுவர். மேல்கோட்டைத் தமிழைக் குறிக்கும் சொல்லைத் தேர்வதிலும் இதே பொறுப்பு உள்ளது.