பணிவும் ஒரு தகுதியே

“ஆராய்ச்சிக் கணிப்பொறி நிலையத்தில் வேலை கிடைக்க எந்தக் கணிப்பொறி மொழியைக் கற்க வேண்டும்?” என்று இயற்பியல் மாணவர்கள் என்னைக் கேட்பதுண்டு. வேலைக்கு ஆள் எடுப்போரும் பெரும்பாலும் மொழிகளின் பட்டியலையே கேட்கின்றனர். அப்பட்டியல் போதாது என்பதை உணர்த்தும் பேருரை ஒன்றை இங்கு ஆராய்வோம். நெதர்லாந்து அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, டூரிங் பரிசு பெற்றபோது 1972-இல் ஆற்றிய ‘பணிவுள்ள நிரலர்’ என்னும் உரையே அது.

பல ஆராய்ச்சியாளர்களின் கணக்குகளை வரிசைப்படுத்தி, நினைவகத்தைப் பங்கிட்டு, ஒருவர் கணக்கு மற்றவர் கணக்கைக் கெடுக்காமல் காக்கும் அடிப்படை நிரல்களை எழுதிப் பேணுபவரே அமைப்பு நிரலர். அவருடைய ஒரு பிழை நிலையம் முழுவதையும் முடக்கிவிடக்கூடும்.

டைக்ஸ்ட்ராவும் இத்தகைய பணியில் இருந்தவரே. லைடனில் இயற்பியல் பயின்றுகொண்டிருந்தபோதே, 1952-இல் ஆம்ஸ்டர்டாம் கணித மையத்தில் நிரலராகச் சேர்ந்தார். அன்று அத்தொழிலுக்குத் தனிப் பட்டம் இல்லை, மதிப்பும் இல்லை. 1957-இல் அவருடைய திருமணப் பதிவில் ‘நிரலர்’ என்பதை அதிகாரிகள் ஒரு தொழிலாகவே ஏற்கவில்லை; ‘கோட்பாட்டு இயற்பியலார்’ என்று எழுத நேர்ந்தது! எக்ஸ்-1 என்னும் கணிப்பொறிக்காக அவர் உருவாக்கிய அடிப்படை நிரல்களே 1959-இல் அவருடைய முனைவர் பட்ட ஆய்வுக்குப் பொருளாயின.

உரையின் மையக் கருத்து எளியது. மனித மூளையின் கொள்ளளவு சிறிது. அதை உணர்ந்து, சாமர்த்திய வித்தைகளைத் தவிர்த்து, தெளிவாக எழுதுபவரே திறமையான நிரலர். சோதனைகள் பிழை இருப்பதைக் காட்டலாமேயன்றி, பிழையே இல்லையென்று நிறுவமாட்டா. இது இயற்பியல் மாணவர்க்குப் புதிதன்று. ஆயிரம் அளவீடுகள் ஒத்துவந்தாலும் ஒரு கோட்பாடு முற்றிலும் நிறுவப்பட்டதாகாது அன்றோ?

ஆயினும் உரையில் குறைகளும் உண்டு. பணிவைப் போதிப்பவர், பிறர் படைத்த மொழிகளைச் சாடும்போது பணிவை மறந்துவிடுகிறார். ஃபோர்ட்ரானை எவ்வளவு விரைவில் மறக்கிறோமோ அவ்வளவு நல்லது என்கிறார். ஆனால் 1957-இல் வெளிவந்த அம்மொழி இன்றும் வானிலைக் கணிப்பிலும் இயற்பியல் ஆய்விலும் உழைக்கிறது. 2023-இல் அதற்குப் புதிய தரநிலையும் வெளியாயிற்று. எழுபதுகள் முடியுமுன்பே ஏறக்குறையப் பிழையற்ற பெரும் நிரல்களைக் குறைந்த உழைப்பில் எழுத இயலும் என்ற அவருடைய நம்பிக்கையும் பலிக்கவில்லை. புதிதாய் எழுதுவதைப் பற்றியே பேசும் அவர், பிறர் எழுதிய பழைய நிரலைப் பேணும் அன்றாட வேலையைக் கருதவில்லை. ஆராய்ச்சி நிலையத்தில் அதுவே பெரும்பகுதி.

எனவே, ஆள் எடுப்போருக்கு ஒன்று கூறலாம். பிழையுள்ள பழைய நிரல் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். எழுதியவரை ஏளனம் செய்யாமல் பிழையைத் தேடுகிறாரா? புரியாத இடத்தைப் ‘புரியவில்லை’ என்கிறாரா? கண்டதை மற்றவர்க்கு விளங்கச் சொல்கிறாரா? மொழியைச் சில மாதங்களில் கற்றுக்கொள்ளலாம். இப்பழக்கங்கள் அவ்வளவு விரைவில் வாரா.

மாணவர்களே, உங்கள் ஆய்வுக்கூடக் குறிப்பேட்டில் தவறிய அளவீட்டையும் அழிக்காமல் எழுதி வருகிறீர்களா? அப்படியாயின் இவ்வேலைக்கான பயிற்சியை நீங்கள் தொடங்கிவிட்டீர்கள்.