நீங்களே மாட்டலாம் என்கிற ஹீட் பம்ப்

அமெரிக்காவில் வீட்டுக்கு ஹீட் பம்ப் மாட்ட ஆளைக் கூப்பிட்டால், பல நேரம் பெட்டியின் விலையைவிடக் கூலி அதிகமாகிறது. அந்த எரிச்சலைக் குறிவைத்து வந்தவைதான் 'நீங்களே மாட்டலாம்' ரகக் கருவிகள். மிஸ்டர்கூல் நிறுவனம் பிரபலமாக்கிய வழி இது. இன்டோர் யூனிட்டையும் அவுட்டோர் யூனிட்டையும் இணைக்கும் காப்பர் குழாய்க்குள் முன்கூட்டியே கேஸ் நிரப்பி, முனைகளை அடைத்து அனுப்பிவிடுவார்கள். வாங்குபவர் ஸ்பேனரால் இறுக்கினால் போதும். இப்போது வேறு பல பெயர்களிலும் கிடைக்கிறது. அதில் ஒன்றை, 12,000 பிடியூ திறனுள்ளதை, நியூ ஜெர்சியில் நண்பர் வீட்டு கராஜுக்கு மேலிருக்கும் அறையில் இருவருமாக மாட்டினோம். ஒரு பனிக்காலத்தையும் அது பார்த்துவிட்டது. பெயரைச் சொல்லப்போவதில்லை, கீழே வருகிற சிக்கல்கள் இந்த ரகத்துக்கே பொதுவானவை.

தெரியாதவர்களுக்கு: ஏசி வீட்டுக்குள் இருக்கும் வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. ஹீட் பம்ப் அதே இயந்திரம்தான். உள்ளே ஒரு நான்கு வழி வால்வு திரும்பியதும், வெளிக்காற்றில் இருக்கும் கொஞ்சநஞ்ச வெப்பத்தையும் உறிஞ்சி வீட்டுக்குள் கொண்டுவரும். வெளியே 8 டிகிரி செல்சியஸ் இருக்கும்போது 1 யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 3 யூனிட் வெப்பம் கிடைக்கும். சாதாரண ஹீட்டரில் ஒன்றுக்கு ஒன்றுதான்.

முதலில் பாராட்டு. வழக்கமான முறையில் காப்பரை அளந்து வெட்டி, பிசிறு எடுத்து, முனையை ஃபிளேராக விரிக்க வேண்டும். (விரித்து முடித்த பிறகுதான் நட்டை நுழைக்க மறந்தது பலருக்கு ஞாபகம் வரும்.) அடுத்து நைட்ரஜன் அடித்துக் கசிவு பார்க்க வேண்டும். அதன் பிறகு வாக்குவம் பம்ப் போட்டு 500 மைக்ரானுக்குக் கீழே காற்றை இழுக்க வேண்டும். இது வெறும் சடங்கு இல்லை. குழாய்க்குள் ஈரம் தங்கினால் கம்ப்ரஸர் ஆயிலோடு சேர்ந்து அமிலமாகி, சில வருடங்களில் கம்ப்ரஸரையே தின்றுவிடும். இந்தக் கருவியில் அவ்வளவு வேலையும் ஒருசில நட்டுகளில் முடிகிறது. ஒரு ஸ்பேனரால் ஒரு பக்கத்தை அசையாமல் பிடித்து, இன்னொன்றால் மற்றதை இறுக்கினோம். சோப்பு நுரை தடவிப் பார்த்தோம். ஒரு குமிழ்கூட வரவில்லை.

ஆபத்து இந்தச் சுலபத்தில்தான் ஆரம்பிக்கிறது. பயமுறுத்தும் வேலை ஒன்றைத் தயாரிப்பாளரே எடுத்துக்கொண்டதும், மிச்சமெல்லாம் ஆணி அடிக்கிற மாதிரி என்று தோன்றிவிடுகிறது. மிச்சம் அப்படிப்பட்டதல்ல.

குழாயையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் 25 அடி நீளத்தில் வருகிறது. வெட்டிக் குறைக்க முடியாது. நண்பர் வீட்டில் அதில் பாதிகூடத் தேவைப்படவில்லை. மிச்சத்தை அவுட்டோர் யூனிட்டுக்குப் பின்னால் வளையமாகச் சுருட்டி, படுக்கைவாட்டில் வைக்க வேண்டும். நிமிர்த்தி வைத்தால் கம்ப்ரஸருக்குத் திரும்ப வேண்டிய ஆயில் வளைவில் தேங்கிவிடும். வளைக்கும்போது ஓரிடத்தில் நசுங்கினாலும் முழு நீளமும் வீண். முனைகள் ஒருமுறை இறுக்குவதற்கானவை என்பதால், 'கழற்றி இன்னொரு சுவருக்கு மாற்றிக்கொள்ளலாம்' என்ற நினைப்பையும் விட்டுவிடுங்கள்.

அதிகம் பேர் ஏமாறுவது தண்ணீரில். சுவரில் போடும் துளை வெளிப்பக்கம் சற்றே சரிந்திருக்க வேண்டும். டிரெயின் குழாய் எங்கும் மேலேறக் கூடாது. ஒரு அடிக்குக் கால் அங்குலம் சரிவு என்பது கணக்கு. ரசமட்டம் வைத்துப் பார்க்காமல் கண்ணளவில் போட்டால், முதல் கோடையிலேயே உள்சுவரில் கறை இறங்கும். இதையாவது ஏசி மாட்டிப் பழகியவர்கள் ஊகிப்பார்கள். குளிர்காலத்தில் தண்ணீர் வெளியே வரும் என்பதுதான் பலருக்கும் புதுசு. ஹீட்டிங் நடக்கும்போது அவுட்டோர் யூனிட்டின் மேல் உறைபனி படியும். அதைக் கரைக்க இயந்திரம் அவ்வப்போது தானாகவே சில நிமிடம் திசை மாறி ஓடும். கரைந்த நீர் அடியில் கொட்டி, ராத்திரி கண்ணாடியாக உறையும். நண்பர் முதலில் தேர்ந்தெடுத்த இடம் கராஜுக்குப் போகும் நடைபாதை ஓரம். அங்கே வைத்திருந்தால் ஜனவரியில் யாராவது எலும்பை முறித்துக்கொண்டிருப்பார்கள். கூரை விளிம்புக்கு நேர் கீழும் ஆகாது. ஊரில் விழும் பனியின் உயரத்துக்கு மேலே நிற்கும்படி ஸ்டாண்ட் போட்டு, தோட்டப் பக்கம் வைத்தோம். சுவரிலேயே பிராக்கெட் அடித்து மாட்டினால் இடம் மிச்சம்தான்; மர வீட்டில் அதன் ரீங்காரம் படுக்கையறை வரை வரும்.

மின்சாரத்தில் நான் கை வைக்கவில்லை. நீங்களும் வைக்காதீர்கள் என்றே சொல்வேன். இந்தக் கருவிக்கென்று தனி 240 வோல்ட் சர்க்யூட் வேண்டும். அவுட்டோர் யூனிட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில் ஒரு டிஸ்கனெக்ட் சுவிட்ச் வேண்டும். பிரேக்கர் அதிகபட்சம் எத்தனை ஆம்பியர் என்பது யூனிட்டின் பெயர்ப்பலகையிலேயே இருக்கிறது. 'பெரிசாப் போட்டா அடிக்கடி ட்ரிப் ஆகாது' என்று யோசனை சொல்பவரை வீட்டுக்குள் விடாதீர்கள். பெர்மிட் வாங்கி, லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியன் வந்து அரை நாளில் முடித்தார். இரு யூனிட்டுகளுக்கும் நடுவே ஓடும் சிக்னல் ஒயரை வெட்டி ஒட்டுப் போட்டாலோ இடம் மாற்றிச் செருகினாலோ திரையில் எரர் கோட்தான் வரும்.

அளவு பற்றி ஒரு வார்த்தை. 'இருக்கட்டுமே' என்று பெரிதாக வாங்குவது நம்மவர் பழக்கம். தேவைக்கு மிஞ்சிய யூனிட் சட்டென்று அறையைக் குளிர்வித்து நின்றுவிடும். காற்றின் ஈரம் போகாமல் கோடையில் புழுங்கும். இன்னொரு பக்கம், பெட்டியில் போட்டிருக்கும் பிடியூ குளிர்விக்கும் திறனைச் சொல்வது. கடுங்குளிரில் எவ்வளவு வெப்பம் தரும் என்பது மேனுவலின் உள்பக்க அட்டவணையில்தான் இருக்கும். நண்பரின் அறையில் சாதாரணக் குளிருக்குத் தாராளமாகப் போதுமானதாக இருந்தது. பூஜ்யத்துக்கு வெகு கீழே போன இரவுகளில் பழைய ஹீட்டரையும் போட வேண்டியிருந்தது.

கேஸ் கசிந்தால்? அமெரிக்கச் சட்டப்படி குழாயைத் திறந்து கேஸை மறுபடி நிரப்ப இ.பி.ஏ. (சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை) சான்றிதழ் பெற்றவர் வேண்டும். வேண்டுமென்றே காற்றில் விடுவது குற்றம். 2025 முதல் தயாராகும் புது யூனிட்டுகளில் பழைய ஆர்-410ஏ கேஸ் இல்லை. ஆர்-454பி அல்லது ஆர்-32 இருக்கிறது. இரண்டும் லேசாகத் தீப்பற்றக்கூடியவை. அதனால் அறை குறைந்தபட்சம் இத்தனை சதுர அடி இருக்க வேண்டும் என்று மேனுவலில் ஒரு பட்டியல் உண்டு. சின்ன அறைக்கு வாங்குபவர்கள் அதைத் தாண்டிப் போய்விடக் கூடாது. வாரண்டித் தாளையும் காசு கொடுப்பதற்கு முன்பே படியுங்கள். வழக்கமான ரகத்தில் லைசென்ஸ்காரர் மாட்டாவிட்டால் வாரண்டி கிடையாது என்று பல நிறுவனங்கள் எழுதிவைத்திருக்கின்றன; மானியத் திட்டங்கள் பலவும் அப்படியே.

ஒரே அறை, வெளிச்சுவருக்கு ஒட்டிய இடம், குறைந்த குழாய் தூரம் என்றால் வாங்கலாம். நண்பருக்குக் கூலியில் நல்ல தொகை மிஞ்சியது. நான்கு அறைக்கு நான்கு இன்டோர் யூனிட் என்று வீடு முழுவதற்கும் யோசிப்பவர்கள் ஆளைக் கூப்பிடுவதே மேல். எதுவானாலும் பணம் கட்டுமுன் உள்ளூர் ஏசி கடைகளுக்குப் போன் போட்டு, நாமே மாட்டிய யூனிட்டைப் பழுது பார்ப்பீர்களா என்று கேட்டுவிடுங்கள். நண்பர் கேட்டபோது பெரிய கடைக்காரர்கள் வரமாட்டோம் என்றார்கள். தனியாகத் தொழில் செய்யும் ஒரு மெக்கானிக் மட்டும் ஒத்துக்கொண்டார், வந்து பார்க்கவே தனிக் கட்டணம் என்ற நிபந்தனையோடு.