வளவில் விழுந்த மரத்துக்கு வீட்டிலேயே ஓர் ஆலை: சங்கிலி வாள் சட்டம் தேறுமா?

வளவில் நின்ற வேம்போ தேக்கோ காற்றில் சரிந்துவிட்டால் மட்டக்களப்பு மாவட்டத்துக் கரடியனாற்றுக்காரருக்கு இரண்டு வழிகள்தான் உண்டு. மரவியாபாரியைக் கூப்பிடலாம். அவர் விழுந்த மரத்துக்கு விறகு விலைதான் சொல்வார். அல்லது குற்றியை ஏற்றிக்கொண்டு செங்கலடிப் பக்கம் மர ஆலைக்குப் போகலாம். 18 அங்குல விட்டமும் 8 அடி நீளமும் உள்ள பச்சை வேம்புக் குற்றி ஏறத்தாழ 14 கன அடி. நிறை 400 கிலோவை நெருங்கும். அதை ஏற்ற ஆட்கள், இழுக்க லான்ட்மாஸ்டர், வீதியில் கொண்டுபோக அனுமதி என்று கணக்குப் பார்த்தால், நல்ல வைரம் பாய்ந்த மரங்கூட அடுப்புக்கே போய்ச் சேருகிறது. ஒரு வீட்டின் நிலையும் கதவும் ஆகவேண்டிய மரம் அது.

இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழியாகச் சொல்லப்படுவதுதான் சங்கிலி வாளோடு பூட்டும் அரிவுச் சட்டம். 'அலாஸ்கன் மில்' என்ற பெயரில் அமெரிக்காவின் கிரான்பெர்க் நிறுவனம் பிரபலப்படுத்திய கருவி இது. அதே அமைப்பில் பிரதிகள் இணையக் கடைகளில் கிடைக்கின்றன. வெல்டிங் பட்டறையிலும் செய்விக்கலாம். நான் பயன்படுத்திப் பார்த்தது 91 சிசி திறனுள்ள ஸ்டில் எம்எஸ் 661 வாளும், சங்கிலி ஓடும் 25 அங்குல பாரும், அதற்குப் பூட்டிய சட்டமும். வேம்பு, தேக்கு, முதிரை ஆகிய மூன்றிலும் அதை ஓட்டினேன்.

சட்டம் செய்வது என்ன?

நம்மூரில் சங்கிலி வாளால் பலகை அரிவது புதிதல்ல. குற்றியில் நூலடித்து, வாளைக் கையில் பிடித்தபடியே நீளவாக்கில் இறக்கும் கெட்டிக்காரர்கள் படுவான்கரை எங்கும் இருக்கிறார்கள். வேகத்தில் அவர்களை எந்தச் சட்டமும் வெல்லாது. ஆனால் கைப்பிடியில் அரிந்த பலகை ஒரு முனையில் 2 அங்குலமாகவும் மறுமுனையில் ஒன்றேமுக்காலாகவும் இருக்கும். நடுவில் அலை அடித்திருக்கும். அதைச் சீவி மட்டமாக்கும்போது மரமும் போகும், ஓடாவியாரின் கூலியும் ஏறும்.

சட்டம் இந்தக் குறையைத்தான் தீர்க்கிறது. பாரின் இரு முனைகளையும் கவ்விப் பிடிக்கும் இரண்டு பிடிகள், அவற்றின் மேலே மரத்தின்மீது சறுக்கிப் போகும் இரண்டு தண்டவாளங்கள், இடையிலுள்ள உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் தண்டுகள். அவ்வளவுதான் கருவி. உயரத்தை 2 அங்குலத்துக்கு வைத்தால் பலகை முழு நீளத்துக்கும் 2 அங்குலமாகவே வரும். பிடிகள் பாரின் நீளத்தில் நாலைந்து அங்குலத்தை எடுத்துவிடும். ஆகவே 25 அங்குல பாரில் 20 அங்குல அகலம்வரை வெட்டலாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வெட்டுத்தான் முக்கியம். உருண்டைக் குற்றியின்மேல் தண்டவாளம் சறுக்காது. அதனால் நேரான அலுமினிய ஏணியொன்றையோ நன்கு மட்டம் பார்த்த பலகையையோ குற்றியின் முதுகில் திருகாணியால் இறுக்கி, அதன்மேல் சட்டத்தை ஓட்ட வேண்டும். அந்தத் திருகாணிகள் வாள் இறங்கும் ஆழத்துக்குக் கீழே போகக்கூடாது. முதல் சிராம்பு கழன்றதும் கிடைக்கும் தட்டை முகமே அடுத்தடுத்த வெட்டுகளுக்கு வழிகாட்டி. முதல் வெட்டில் முறுக்கு இருந்தால் கடைசிப் பலகைவரை அதே முறுக்குத் தொடரும். ஏணியைப் பூட்டி மட்டம் பார்க்கச் செலவழிக்கும் அரைமணி நேரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்.

குற்றியைச் சற்றுச் சரிவாகக் கிடத்தி, உயர்ந்த முனையிலிருந்து தொடங்கினால் வாளின் பாரமே அதை முன்னே இழுத்துச் செல்லும், முதுகு தப்பும். வெட்டுப் பிளவு பின்னால் மூடிச் சங்கிலியை நெரிக்காமலிருக்க, போகப்போக ஆப்புச் செருகிக்கொண்டு வர வேண்டும்.

பல் சரியாக இல்லாவிட்டால் எல்லாம் வீண்

கடையில் வாங்கும் சங்கிலி குறுக்கே அறுப்பதற்கானது. அதன் பல்லின் மேல்விளிம்பு 30 பாகை அளவில் சாய்த்துத் தீட்டப்பட்டிருக்கும். நீளவாக்கில் அரிவதற்கு அந்தச் சாய்வு 10 பாகை அளவுக்குக் குறைய வேண்டும். அரிவுச் சங்கிலி தனியாக விற்கப்படுகிறது. கிடைக்காவிட்டால் பழைய சங்கிலியையே அரத்தால் மெல்ல மெல்ல அந்தக் கோணத்துக்குக் கொண்டுவரலாம். வித்தியாசம் பலகையின் முகத்திலேயே தெரியும். குறுக்குச் சங்கிலி விட்டுப்போகும் கீறல்கள் ஆழமானவை. அரிவுச் சங்கிலி ஓடிய முகம் சற்றுச் சொரசொரப்பாக இருக்கும், ஆனால் சீவுளிக்கு வேலை குறைவு.

தூளைப் பார்த்தே சங்கிலியின் நிலையை அறியலாம். கூராக இருக்கும்வரை தூள் சிறு சிம்புகளாக விழும். மாவாக விழத் தொடங்கினால் பல் மழுங்கிவிட்டது. அப்போது அழுத்தித் தள்ளாதீர்கள். பார் சூடாகி, வெட்டு வளையும். தேக்கில் சிலிக்கா இருப்பதால் பல் சீக்கிரம் தேயும். ஒவ்வொரு தாங்கி பெற்றோல் தீரும்போதும் அரத்தைக் கையில் எடுப்பதே நல்ல வழக்கம்.

வேம்பு இந்தக் கருவிக்கு நல்ல மரம். 8 அடி நீளம் 10 நிமிடத்துக்குள் முடிந்தது. முதிரை வேறு சங்கதி. கல்லைப்போல இறுகியது, வாள் நகர்வதே தெரியாது. ஆனால் திறந்ததும் வரும் அந்த மஞ்சள் பளபளப்பைப் பார்த்தால் பட்ட பாடு பொருட்டில்லை. அதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும் என்பதால் நீளக்கைச் சட்டையும் முகமூடியும் அவசியம்.

மரத்துக்குள் இரும்பு

இந்தப் பிரதேசத்துக்கென்றே ஓர் எச்சரிக்கை உண்டு. யுத்தம் 2007 வரை இந்தப் பக்கத்துக் காடுகளிலும் ஊர்களிலும் நடந்தது. அக்காலத்தில் நின்ற முதிர்ந்த மரத்துக்குள் சன்னமோ ஷெல் சிதறலோ இருக்கக்கூடும். முட்கம்பி வேலிக்குத் தூணாக நின்ற மரமென்றால் ஆணியும் கம்பியும் நிச்சயம். மரம் வளர்ந்து அவற்றை விழுங்கியிருக்கும். வெளியில் தழும்புகூடத் தெரியாது.

நான் அரிந்த வேம்பில் இதை நேரில் கண்டேன். இரண்டாவது பலகையைப் புரட்டியபோது, செம்பழுப்பு வைரத்தின் நடுவே விரல் அகலத்தில் கருநீலக் கறை ஒன்று நீளவாக்கில் ஓடியிருந்தது. இரும்பு மரத்தின் துவர்ப்புச் சத்தோடு சேர்ந்தால் வரும் நிறம் அது. வாளை நிறுத்தி, கறை அடர்ந்த இடத்தை உளியால் தோண்டினால், வேலிக்கு அடித்த வளை ஆணியொன்று பட்டையிலிருந்து மூன்று அங்குல ஆழத்தில் துருப்பிடித்துக் கிடந்தது. கருநீலக் கறையைக் கண்டால் அடுத்த வெட்டுக்கு முன் நின்று தேடுங்கள். பழைய மரமானால் கையடக்க உலோகங்காட்டி ஒன்றை இரவல் வாங்கியாவது குற்றியின்மேல் ஓட்டிப் பாருங்கள். உருக்குத் துண்டில் மோதிய சங்கிலி பல்லை இழக்கும். அறுந்தால் ஆளையும் பதம் பார்க்கும்.

சேதாரமும் செலவும்

கருவியின் பெரிய குறை இங்கேதான். சங்கிலி ஒவ்வொரு வெட்டிலும் ஏறத்தாழ 9 மில்லிமீற்றர் மரத்தைத் தூளாக்குகிறது. ஆலையிலுள்ள பட்டை வாள் 2 அல்லது 3 மில்லிமீற்றர்தான் தின்னும். ஒரு அங்குலப் பலகையாக அரிந்தால் மரத்தில் நான்கில் ஒரு பங்கு தூளாகப் போகும். இரண்டு அங்குலமாக அரிந்தால் அது 15 வீதமாகக் குறையும். ஆகவே நிலை, தீராந்தி, வளை, மேசைப் பலகை போன்ற தடித்த உருப்படிகளுக்கு இந்தக் கருவி பொருந்தும். சலாகைக்கும் மெல்லிய பலகைக்கும் ஆலைதான் சரி.

எரிபொருளும் சிந்திக்க வேண்டியது. முழு வேகத்தில் அரியும்போது 661இன் 0.85 லீற்றர் தாங்கி கால்மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் தாங்கும். தரமான டூ ரீ ஒயிலை ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 20 மில்லிலீற்றர் என்ற அளவில் கலக்க வேண்டும். சங்கிலிக்கு ஒயில் தனி. 60 சிசிக்குக் குறைந்த சிறிய வாள்களை இதற்குப் பூட்ட நினைக்காதீர்கள். நீளவாக்கில் அரிவது இயந்திரத்துக்கு மிகக் கடுமையான வேலை. சிறிய வாள் சூடேறிப் பழுதாகும்.

உடம்புக்கு விலை

இவ்வகை வாள் 110 டெசிபல் அளவில் இரையும். 85 டெசிபலில் 8 மணி நேரம் வேலை செய்யலாம் என்றும், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும் என்றும் தொழில்சார் சுகாதார அளவுகோல் ஒன்று உண்டு. அந்தக் கணக்கில், காதுக்கவசம் இல்லாமல் இந்த வாளருகே இரண்டு நிமிடம்கூட நிற்கக்கூடாது. வாள் பிடிப்போர் பலர் வெறுங்காதோடும் பாட்டாச் செருப்போடும் நிற்பதைப் பார்க்கையில் மனம் பதறுகிறது. காதுக்கவசம், கண்ணாடி, முகமூடி, சப்பாத்து, தொடைக்கவசம் ஆகியவற்றின் விலையையும் வாளின் விலையோடு சேர்த்தே எண்ணுங்கள். பரவலாகப் புழங்கும் பழைய ஸ்டில் 070 வடிவ வாள்களில் சங்கிலியைச் சட்டென நிறுத்தும் தடுப்பு இல்லை. புதிதாக வாங்குவோர் தடுப்புள்ளதையே வாங்க வேண்டும்.

அரிந்த பின்

பச்சைப் பலகை இன்னும் பலகை அல்ல. "அவசரப்படாதீங்க தம்பி, ஒரு கச்சான் காலம் கடக்கட்டும், பிறகு கதவு செய்வம்" என்று எங்கள் ஓடாவியார் சொன்னது முழு உண்மை. மாரி ஓய்ந்து தை, மாசியில் அரிந்தால், வறண்ட மாதங்கள் முழுவதும் காய்வதற்குக் கிடைக்கும். ஆனால் கச்சான் காற்று நேரே பட்டால் பலகை முனையிலிருந்து வெடிக்கும். முனைகளுக்கு உடனே பெயின்ற் பூசுங்கள். கறையானுக்கு எட்டாதபடி சீமெந்துக் கல்லின்மேல், கூரையின்கீழ் அடுக்குங்கள். ஒவ்வொரு அடுக்குக்கும் இடையே இரண்டு அடிக்கு ஒன்றாக ஒரே தடிப்புள்ள சலாகைகளை வைத்து, மேலே பாரம் ஏற்றுங்கள்.

சட்டம் ஒழுங்கு

பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றைச் சொந்த வளவிலும் அனுமதியின்றி வெட்ட முடியாது. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அப்படிச் சொல்கிறது. கரடியனாற்றுக்காரர் இதற்குச் செங்கலடியிலுள்ள ஏறாவூர்ப்பற்றுப் பிரதேச செயலகத்தை நாட வேண்டும். சங்கிலி வாளையும் பதிவு செய்து அனுமதியோடுதான் வைத்திருக்க வேண்டும். 2019இல் அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன இந்த வாள்களின் இறக்குமதியையே தடை செய்யப்போவதாக அறிவித்தார். அந்த அறிவிப்புக்குக் காரணம் உண்டு: காட்டு முதிரையும் பாலையும் இந்த வாளால்தான் களவாகச் சரிகின்றன. விழுந்த மரத்தைக் காப்பாற்றும் அதே கருவி நிற்கும் காட்டையும் அழிக்கும். ஆகவே இந்த அரிவுச் சட்டத்தை வாங்குபவர் காட்டுக்குள் அதைக் கொண்டுபோவதில்லை என்ற உறுதியோடுதான் வாங்க வேண்டும்.

தீர்ப்பு

ஒரு வீட்டுக்கென்று இதை வாங்குவது நட்டம். ஒரு வளவில் பெருமரம் விழுவது எப்போதாவதுதான். வாளோ ஓடாமல் கிடந்தால் காபரேற்றர் அடைத்துப் பழுதாகும். ஆனால் ஒரு ஊருக்கு ஒன்று இருப்பது பெரிய இலாபம். 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியை அனுபவித்த மாவட்டம் இது. காற்று மறுபடியும் அடிக்கும், மரங்கள் மறுபடியும் விழும். கமக்காரர் அமைப்பொன்றோ, நாலைந்து ஓடாவிமாரோ கூட்டாக ஒரு நல்ல வாளும் சட்டமும் இரண்டு அரிவுச் சங்கிலியும் பாதுகாப்புக் கவசங்களும் வாங்கி, பழகிய ஒருவரின் பொறுப்பில் வைத்து, வாடகைக்கு விடலாம். தடித்த மரத்துக்கும் ஆலைக்குக் கொண்டுபோக முடியாத குற்றிக்கும் இதைவிட நல்ல வழி நம்மிடம் இப்போது இல்லை. உங்கள் ஊர்க் கூட்டத்தில் இதைப் பேசிப் பாருங்கள். அதுவரை, வளவில் நல்ல மரம் ஏதும் விழுந்தால் அதை விறகுக்குத் துண்டு போட்டுவிடாதீர்கள். முனைகளுக்குப் பெயின்ற் பூசி, நிலத்தில் படாமல் நிழலில் உயர்த்தி வையுங்கள்.